முதல் மாதிரி நீராவி எஞ்சின்: லேத் யார் கையில்?

ஓரிடத்தில் நிலையாக நின்று ஓடும் நீராவி எஞ்சின்களின் சிறு மாதிரிகளைக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மேலே ஒரு உத்திரம் ஏறி இறங்கும் பீம் எஞ்சின் பார்க்க அழகு, அதையே கட்டிவிடலாம் என்பார் ஒருவர். ஆடும் சிலிண்டர்தான் எளிது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதில் தொடங்கலாம் என்பார் இன்னொருவர். இரண்டும் போதாத காரணங்கள். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: கடைசல் வேலை யார் கையில் நடக்கப்போகிறது? வீட்டில் சொந்தமாக ஒரு சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) இருக்கிறதா, இல்லை பட்டறையில் கொடுத்து வாங்கப்போகிறீர்களா? எந்த எஞ்சின் என்பது பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும்.

நம் பக்கத்து லேத் பட்டறைகள் அரிசி ஆலை ஷாஃப்ட், டிராக்டர் புஷ், மோட்டார் பம்ப் பாகங்கள் என்று பெரிய வேலைகளுக்குப் பழகியவை. 40 மி.மீ. ஷாஃப்டைப் பேரிங்குக்குச் சரியாகப் பிடிக்கும்படி கடைந்து கொடுப்பார்கள். ஆனால் 5 மி.மீ. கிராங்க் பின்னையும் 3 மி.மீ. வால்வு கம்பியையும் கொண்டுபோய் நீட்டினால் அவர்களுக்கு அது நேரத்துக்குக் கட்டுப்படியாகாத வேலை. பேச்சில் நூல் கணக்கு (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இன்னும் புழங்கும் இடம் என்பதால் படத்தில் மி.மீ. மட்டுமே எழுதிக் கொடுங்கள். எந்த அளவு கறாராக வேண்டும், எது முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்பதையும் படத்திலேயே குறியுங்கள். எல்லா அளவையும் ஒரே கறாராகக் கேட்டால் எதுவும் கறாராக வராது.

ஆடும் சிலிண்டர்: பட்டறையை நம்புகிறவருக்கு

இந்த வகையில் வால்வு என்று தனியாக ஒன்றும் கிடையாது. சிலிண்டர் ஒரு பின்னில் தொங்கி இப்படியும் அப்படியும் ஆடும். அதன் முகத்திலுள்ள துளை ஒரு பக்கம் சாயும்போது, அதைத் தாங்கும் சட்டத்திலுள்ள நீராவித் துளைக்கு நேராக வருகிறது, மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேராக வருகிறது. எக்ஸென்ட்ரிக் (வால்வை ஆட்டும், மையம் விலகிய வட்டு) இல்லை, கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடை நேராக ஓட வைக்கும் கட்டை) இல்லை. ஒருபக்க அழுத்தத்தில் ஓடும் வகையென்றால் பிஸ்டன் ராடுக்குக் கசிவை அடைக்கும் பேக்கிங்கூட வேண்டாம். கடைசலில் செய்ய வேண்டியவை சிலிண்டர் துளை, பிஸ்டன், கிராங்க் தட்டு, ஃப்ளைவீல் ஆகிய நான்குதான். மீதியை மேசை டிரில், அரம், M3 டேப் (3 மி.மீ. மரை வெட்டும் கருவி), ஒரு கண்ணாடித் துண்டு இவற்றைக் கொண்டு வீட்டிலேயே முடிக்கலாம். பட்டறைக்கு நான்கே பாகங்களோடு போவதும் இருபது பாகங்களோடு போவதும் ஒன்றல்ல. பட்டறையை நம்புகிறவருக்கு இதை முதலில் சொல்வது அதனால்தான்.

சிலிண்டர் துளை 12 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் தூரம்) 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிராங்கின் ஆரம் 10. கிராங்க் மையத்திலிருந்து ஆடும் பின்னின் மையம் 45 மி.மீ. தூரத்தில் இருந்தால் சிலிண்டர் ஒவ்வொரு பக்கமும் 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாயும். சிலிண்டர் முகத்துத் துளை பின்னிலிருந்து 14 மி.மீ. மேலே இருந்தால், முழுச் சாய்வில் அது நடுக்கோட்டிலிருந்து 14 × 10 ÷ 45, அதாவது 3.1 மி.மீ. விலகி நிற்கும். சட்டத்திலுள்ள இரண்டு துளைகளும் நடுக்கோட்டின் இருபுறமும் அந்த 3.1 மி.மீ.யில் அமைய வேண்டும்.

பலருடைய எஞ்சின் ஓடாமல் போவதற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த நீராவித் துளைகளின் விட்டம் அந்த விலகலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 3.1 விலகலுக்கு 2.8 மி.மீ. டிரில் சரி. நிறைய நீராவி போகட்டும் என்று 3.5 போட்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சிலிண்டர்த் துளை இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே நேரத்தில் தொடும். நீராவி பிஸ்டனைத் தள்ளாமல் நேரே வெளியே போய்விடும். எஞ்சின் சீறும், சுற்றாது. அகலமாகிவிட்ட துளையைச் சரிசெய்ய வழி ஒன்றே: பித்தளைச் செருகு அடித்து மூடிவிட்டுப் புதிதாகத் துளைப்பது.

அடுத்தது, சிலிண்டரின் முகம், அது உரசும் சட்டத்தின் முகம் இரண்டும் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் 600 எண் வாட்டர் பேப்பரை எண்ணெய் விட்டு விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்து, பிறகு 1000 எண்ணுக்குப் போகவும். ஆத்தங்குடித் தரைக் கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். கண்ணாடியைப் போலத் தட்டையான தளம் நம் கைக்கு மலிவாகக் கிடைப்பது வேறில்லை. தேய்ப்பதற்கு முன்பே, ஆடும் பின்னுக்கான துளையைச் சுற்றி 0.2 மி.மீ. ஆழத்துக்கு வட்டமாகக் குறைத்துவிட்டால், முகம் வேண்டிய இடத்தில் மட்டும் அழுந்தும்.

ஆடும் பின் துளை முகத்துக்குச் செங்குத்தாக இல்லையென்றால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. கை டிரில்லில் அதைப் போடவே கூடாது. சிலிண்டரைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை, எஞ்சின் ஓடும்போது முகத்தில் கசிவு நிற்கும் அளவுக்கு இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று மட்டும் கொடுங்கள். அதிகம் இறுக்கினால் எஞ்சினின் பலம் முழுவதும் உராய்வில் போகும். தளர்ந்தால் அழுத்தம் சிலிண்டரையே முகத்திலிருந்து தூக்கிவிடும்.

ஆடும் சிலிண்டர் 1 முதல் 1.5 பார் அழுத்தம் வரை (1 பார் என்பது ஏறத்தாழ காற்று மண்டல அழுத்தம்) நன்றாக ஓடும். அதற்கு மேல் அதை வற்புறுத்த வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இதைக் கட்டி முடித்தவருக்கு வால்வு நேரம் வைக்கவோ, பேக்கிங் கட்டவோ, கிராஸ்ஹெட்டை நேராக்கவோ தெரிந்திருக்காது. ஆகவே சொந்த லேத் வைத்திருப்பவர் இதைத் தாண்டி அடுத்ததற்குப் போவதே நல்லது.

ஸ்லைடு வால்வு கிடை எஞ்சின்: சொந்த லேத் உள்ளவருக்கு

வார்ப்பு எதுவும் இல்லாமல் ராடு, பட்டை, கட்டை இவற்றிலிருந்தே முழுவதும் வெட்டிக் கட்டும் கிடை எஞ்சின்தான் முதல் உண்மையான எஞ்சின் என்று நினைக்கிறோம். இந்த ஊருக்கு அது பொருந்தவும் செய்கிறது. நகரத்தார் பர்மாவில் நெல்லோடும் நிலத்தோடும் தொழில் செய்த காலத்தில், அங்குள்ள அரிசி ஆலைகள் உமியை எரித்து நீராவியில் ஓடின. ஆலைக்கு நீராவி எஞ்சின் என்றால் நினைவுக்கு வருவது படுத்த சிலிண்டரும் பெரிய ஃப்ளைவீலும் கொண்ட இந்த உருவம்தான். அடித்தளத்துக்கு, காரைக்குடியில் பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்குத் துண்டு ஒன்று வாங்கினால் போதும். பல பத்தாண்டு காய்ந்த மரம் என்பதால் முறுக்கிக்கொள்ளாது.

தொடக்கத்துக்கு ஏற்ற அளவு: துளை 20 மி.மீ., ஸ்ட்ரோக் 25. இதைவிடச் சிறிதாகப் போனால் திருகுகளும் துளைகளும் கைக்கு அடங்காது. பெரிதாகப் போனால் பாய்லர் பெரிதாகும். சிலிண்டருக்கு 35 மி.மீ. சதுரமும் 40 மி.மீ. நீளமும் உள்ள கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) அல்லது வார்ப்பிரும்புக் கட்டை வேண்டும். திருச்சி, மதுரை உலோகக் கடைகளில் ராடாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம். துளைக்கும் வால்வு முகத்துக்கும் இடையே 7.5 மி.மீ. சுவர் நிற்கும், துவாரப் பாதைகள் போக அந்தக் கனம் தேவை. மூடிகள் இரண்டும் 2 மி.மீ. உள்ளே இறங்கினால் இடையே 36 மி.மீ. இருக்கும். பிஸ்டன் கனம் 9, ஓட்டம் 25 போக ஒவ்வொரு முனையிலும் 1 மி.மீ. மிஞ்சும். மூடியின் இறங்கு பகுதி நீராவிப் பாதையை அடைத்துவிடும் என்பதை மறப்பவர் அதிகம். பாதை வந்து சேரும் இடத்தில் அரத்தால் ஒரு பள்ளம் எடுத்துவிடுங்கள்.

சிலிண்டரை லேத்தில் பிடித்தால், துளை அடித்த அதே பிடியில் ஒரு முனையையும் சீவிவிட வேண்டும். இதைப் பட்டறையில் கொடுப்பதானால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். பிடியை மாற்றிச் சீவினால் முனை துளைக்குச் செங்குத்தாக வராது. அப்புறம் மூடி சாய்ந்து உட்காரும், பிஸ்டன் ராடு ஒரு பக்கம் தேயும், எஞ்சின் ஒரு கோணத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். கிராஸ்ஹெட்டில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம், ஆனால் பிழை முதல் நாள் வேலையிலேயே இருக்கும்.

பிஸ்டனுக்கு 2 மி.மீ. கனமும் 16 மி.மீ. உள்விட்டமும் உள்ள விட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) ஓ-ரிங் ஒன்று போதும். பள்ளத்தின் அடி விட்டம் 16.3, அகலம் 2.6 வைத்தால் ரிங் லேசாக மட்டும் அழுந்தும். ஹைட்ராலிக் வேலைக்குச் சொல்லும் அழுத்த அளவை இங்கே வைத்தால் கையால் சுற்றவே பலம் வேண்டியிருக்கும். சாதாரண நைட்ரில் ரப்பர் ரிங் காற்றில் ஓட்டச் சரி, நீராவியில் சில நாளில் கடினமாகிவிடும். ஓ-ரிங் வேண்டாம் என்பவர்கள் கிராஃபைட் பூசிய கயிறு பேக்கிங்கைப் பள்ளத்தில் சுற்றலாம். அது மெல்ல உருமாறி உட்காரும், பழுதானால் பத்து நிமிடத்தில் மாற்றலாம்.

இனி ஸ்லைடு வால்வு: தட்டையான முகத்தின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி, அதிலுள்ள துவாரங்களைத் திறந்து மூடும் சின்னக் கட்டை. இந்த எஞ்சினில் மனம் வைத்துச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். நீராவித் துவாரம் 2 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளம், நடுவிலுள்ள வெளியேற்றுத் துவாரம் 4 மி.மீ. அகலம், இடையே 2 மி.மீ. பாலம். இரண்டு நீராவித் துவாரங்களின் வெளி ஓரங்களுக்கிடையே 12 மி.மீ. வருகிறது. வால்வின் நீளம் 13. அதாவது ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. மூடி நிற்கும். வால்வின் உட்குழி 8 மி.மீ. எக்ஸென்ட்ரிக்கின் மைய விலகல் 2.5. வால்வு ஒவ்வொரு பக்கமும் 2.5 நகரும்போது முதல் அரை மி.மீ. மூடலைக் கடக்கவும் அடுத்த 2 மி.மீ. துவாரத்தை முழுதும் திறக்கவும் செலவாகிறது. கணக்கு கச்சிதமாக முடிகிறது. எந்த அளவில் கட்டினாலும் விதி இதுவே: எக்ஸென்ட்ரிக் விலகல் என்பது துவார அகலத்தோடு மூடல் அளவைக் கூட்டியது.

மில்லிங் இயந்திரம் (பள்ளம் வெட்டும் இயந்திரம்) இல்லாதவர்கள் துவாரத்தை ஸ்லாட்டாக வெட்டத் தேவையில்லை. 2 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, இடைச்சுவர்களைச் சின்ன உளியால் எடுத்து ஊசி அரத்தால் நேராக்கலாம். ஓரம் நேராக இருப்பது முக்கியம், மூலைகள் வட்டமாக இருந்தால் பரவாயில்லை. அங்கிருந்து சிலிண்டர் முனைக்குப் போகும் பாதையை, துளையின் விளிம்பிலிருந்து சாய்வாக, 2 மி.மீ. துளைகள் மூன்றாகப் போடுங்கள். சாய்வு தவறினால் டிரில் சிலிண்டர் சுவரை உடைத்து உள்ளே வரும், அத்தோடு அந்தக் கட்டை போயிற்று. ஆகவே மற்ற எந்த வேலைக்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள். கட்டை வீணாவதானால் உழைப்பு ஏறுவதற்கு முன்னாலேயே வீணாகட்டும்.

எக்ஸென்ட்ரிக்கை லேத்தில் வேலையைப் பிடிக்கும் மூன்று தாடை சக்கிலேயே கடையலாம். 22 மி.மீ. ராடின் ஒரு தாடைக்கு அடியில் மூன்றரை மி.மீ. தகடு வைத்துப் பிடித்தால் விலகல் ஏறத்தாழ 2.5 வரும். டயல் கேஜ் வைத்து ஒரு முழுச் சுற்றில் முள் 5 மி.மீ. ஓடுகிறதா என்று பார்த்துத் தகட்டைக் கூட்டிக் குறைக்கலாம். நான்கு தாடை சக் இருப்பவருக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம்.

வால்வு தன் கம்பியில் கெட்டியாகப் பிடிபட்டிருக்கக் கூடாது. முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல், ஆனால் முகத்தை நோக்கித் தாராளமாக நகரும்படி நட்டு வழுக்கி உட்கார வேண்டும். நீராவி அழுத்தம்தான் வால்வை முகத்தோடு அணைக்கிறது. இறுக்கிக் கட்டினால் வால்வு ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு காலமெல்லாம் கசியும்.

நேரம் வைக்கும் முறை: வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். எக்ஸென்ட்ரிக்கை, சுற்றும் திசையில் கிராங்குக்கு 104 டிகிரி முன்னால் வைத்து லேசாக இறுக்குங்கள். பிஸ்டனை ஒரு முனைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள்; மெல்லிய கோடாக, 0.1 மி.மீ. அளவு தெரிய வேண்டும். மறுமுனைக்குப் போய் அங்கும் பாருங்கள். ஒரு முனையில் அதிகமாகவும் மறுமுனையில் மூடியும் இருந்தால் கோளாறு கம்பியின் நீளத்தில். வால்வு நட்டைத் திருப்பினால் சரியாகும், எக்ஸென்ட்ரிக்கைத் தொடக் கூடாது. இரு முனையும் ஒரே மாதிரி மூடியிருந்தால், அல்லது ஒரே மாதிரி அதிகம் திறந்திருந்தால், கோளாறு எக்ஸென்ட்ரிக்கின் கோணத்தில். இந்த இரண்டையும் கலந்து ஒரே நேரத்தில் மாற்றுகிறவர் நாள் முழுவதும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவார். எஞ்சின் தலைகீழ்த் திசையில் ஓடினால் பயப்பட ஒன்றுமில்லை, எக்ஸென்ட்ரிக் கிராங்குக்குப் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஃப்ளைவீலுக்கு வார்ப்பு தேட வேண்டாம். பம்ப், கிரைண்டர் சாமான் விற்கும் கடையில் 4 அங்குல வார்ப்பிரும்பு வி-பெல்ட் புல்லி வாங்கி, பள்ளத்தைச் சீவி, துளைக்கு புஷ் அடித்து 8 மி.மீ. ஷாஃப்டுக்குப் பொருத்தினால் நல்ல கனமான ஃப்ளைவீல் கிடைக்கும். பள்ளம் ஆழமான புல்லியாக இருந்தால் சீவிய பின் விளிம்பு மெலிந்துவிடும், கடையிலேயே பார்த்து எடுங்கள்.

மொத்த வேலை நேரம் ஆடும் சிலிண்டருக்கு ஆவதைப்போல நாலைந்து மடங்கு ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்பவருக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சொந்த லேத் இருந்தும் மில்லிங்கோ நுண்ணிய அர வேலையோ முடியாது என்பவருக்கு இடைவழி ஒன்று இருக்கிறது: பிஸ்டன் வால்வு. வால்வே ஒரு சின்ன உருளையாக, ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு வழவழப்பாக்கும் கருவி) போட்ட 6 மி.மீ. துளைக்குள் ஓடும். எல்லாம் கடைசல், முகம் தேய்க்கும் வேலை இல்லை. காற்றில் ஓட்ட மிக அருமை. நீராவிக்கு வரும்போது ஒரு குறை தெரியும். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கினால் ஸ்லைடு வால்வு முகத்திலிருந்து தானே தூக்கிக்கொண்டு அதை வெளியே விடும். பிஸ்டன் வால்வுக்கு அந்த வழி கிடையாது. தண்ணீர் அமுங்காது, கிராங்க் பின் வளையும், இல்லாவிட்டால் மூடித் திருகு அறும். வடிகால் குழாய் இல்லாமல் இந்த வகையை நீராவியில் ஓட்டவே கூடாது.

வார்ப்புத் தொகுப்பு

வெளிநாட்டு வார்ப்புத் தொகுப்புகளில் பெயர் பெற்றது ஸ்டூவர்ட் டர்னர் வரிசை. அதில் 10வி என்ற நிமிர்ந்த எஞ்சினும் 10எச் என்ற கிடை எஞ்சினும் தொடக்கக்காரர்களுக்கு உரியவை. இரண்டுக்கும் துளை முக்கால் அங்குலம், ஸ்ட்ரோக்கும் முக்கால் அங்குலம். கட்டி முடித்தால் கட்டையிலிருந்து வெட்டிய எஞ்சினைவிட ஒரு படி அழகாகத்தான் இருக்கும். வளைந்த கால்கள், ஆரைகள் கொண்ட ஃப்ளைவீல் எல்லாம் வார்ப்பில் மட்டுமே இயல்பாக வரும்.

ஆனால் முதல் எஞ்சினாக இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கட்டை வீணானால் இன்னொரு கட்டை வெட்டிக்கொள்ளலாம். சிலிண்டர் வார்ப்பு வீணானால் கடல் தாண்டி இன்னொன்று வர வேண்டும், சுங்க வரியோடு. வார்ப்பில் நேரான பக்கம் என்று ஒன்றும் இருக்காது. எந்த முகத்தை முதலில் சீவி அடிப்படையாக வைத்துக்கொள்வது என்பதை வேலை தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் எஞ்சினை மனதில் முழுதாகக் கட்டிப் பார்த்தவருக்குத்தான் வரும். இதையே பட்டறையில் கொடுத்தால், வார்ப்பு எப்படி வசதியாக சக்கில் உட்காருகிறதோ அப்படிப் பிடித்துத் துளை அடித்துவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, துளை எங்கே வர வேண்டும் என்பதை வார்ப்பு தானாகச் சொல்லாது. பட்டறையை நம்புகிறவருக்கு வார்ப்பு மிக மோசமான தேர்வு என்று சொல்வது இதனால்.

வாங்கியே தீருவதென்றால் இரண்டு செய்தி. முதல் வெட்டு தோலுக்குக் கீழே, ஒரு மி.மீ. ஆழத்திலாவது போக வேண்டும். மேலே மேலே சுரண்டினால் மணல் ஒட்டிய கெட்டித் தோல் டூலின் முனையைத் தின்றுவிடும். அடுத்து, படங்களில் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை இருக்கும். நம் கடைகளில் அந்த டேப் தேடி அலைவதைவிட 5 பி.ஏ. உள்ள இடத்தில் M3, 7 பி.ஏ. உள்ள இடத்தில் M2.5 என்று மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேயே வார்க்கவும் முடியும். கதவு நிலைகளில் அத்தனை நுணுக்கம் காட்டிய மரவேலை மரபு இந்த ஊரில் உண்டு. ஆரைகள் கொண்ட ஃப்ளைவீலுக்கு மர அச்சு செய்வது அந்தக் கைக்குப் பெரிய காரியமில்லை. ஆசாரியிடம் மூன்றைச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் எல்லா அளவிலும் நூற்றுக்கு ஒரு பங்கு கூட்ட வேண்டும். பித்தளையானால் ஒன்றரைப் பங்கு. மணலிலிருந்து அச்சு கிழிக்காமல் வெளிவர, பக்கங்கள் இரண்டு மூன்று டிகிரி சரிவாக இருக்க வேண்டும். கடையும் இடங்களில் இரண்டு மி.மீ. உபரி வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்பாலைகளில் ஒன்றிரண்டு எண்ணிக்கைக்கு இறங்கி வருவது கடினம், நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் பேச்சு எடுபடும். இதுவும் இரண்டாவது எஞ்சினுக்கான வேலைதான்.

பீம் எஞ்சின் பற்றிச் சுருக்கமாக: 1784இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற, பிஸ்டன் ராடை நேராக நடத்தும் இணை இயக்கக் கம்பிகள் மேலும் கீழும் போகும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தால் பத்து மூட்டுகளுக்குப் பிறகு எஞ்சின் தட்டத் தொடங்கும். இரண்டு எஞ்சின் ஓட்டிப் பார்த்த பிறகு எடுங்கள்.

காற்றா, நீராவியா

எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும் முதலில் காற்றில் ஓட்டுங்கள். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. காற்றில் கோளாறு தெரிந்தால் கை வைத்துப் பார்க்கலாம், சூடு இல்லை. 20 மி.மீ. எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 கன செ.மீ. எடுக்கும். நிமிடத்துக்கு 300 சுற்றென்றால் சுமார் 5 லிட்டர். 1 பார் அழுத்தத்துக்கு அதைச் சாதாரணக் காற்றாகக் கணக்கிட்டால் 10 லிட்டர். பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும், தாராளம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் ஆகும், காற்றோடு எண்ணெய் கக்கும் என்பதால் நடுவில் ஒரு பாட்டில் வைத்துப் பிரிக்க வேண்டும். கார் டயருக்குக் காற்றடிக்கும் கருவி பத்து நிமிடத்தில் சூடேறி நின்றுவிடும். நன்கு கட்டிய எஞ்சின் காற்றில் 0.3 பாருக்கே மெல்லச் சுற்ற வேண்டும். 1 பார் கேட்கிறதென்றால் எங்கோ பிடிக்கிறது என்று பொருள். அதை நீராவி சரிசெய்யாது.

காற்றோடு நின்றுகொள்வதும் குறைவான காரியமல்ல. மேசை மேல் வைத்து விருந்தினருக்கு ஓட்டிக் காட்ட அது போதும். சூடான எண்ணெய் மணமும் வெளியேறும் வெண்புகையும் வேண்டும் என்பவருக்குத்தான் பாய்லர். அங்கே பொறுப்பு வேறு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளதைப் பாய்லர் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. அரை லிட்டர் பாய்லரை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை, ஆகவே சோதிக்கும் கடமை முழுவதும் கட்டுகிறவருடையது.

மேலே சொன்ன எஞ்சின் 1 பாரில் கணக்குப்படி நிமிடத்துக்கு 5 கிராம் தண்ணீரைக் குடிக்கும். குளிர்ந்த சுவர்களில் படிந்து வீணாவதையும் சேர்த்து 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.லி. பயன்படும் நீருள்ள பாய்லர் அரை மணி நேரம் ஓட்டும். 75 மி.மீ. விட்டமும் 1.6 மி.மீ. கனமும் உள்ள செம்புக் குழாய், 3 மி.மீ. முனைத் தட்டுகள், நடுவே ஒரு இழுப்புக் கம்பி என்று கட்டினால் 2 பாருக்குத் தாராளமான பலம் இருக்கும்.

இணைப்புகள் வெள்ளிப் பற்றாசில்தான். சாதாரண ஈயப் பற்றாசு 183 டிகிரியில் உருகும். 2 பாரில் நீராவியே 134 டிகிரி. தண்ணீர் குறைந்து தீ நேரே தட்டில் பட்டால் அந்த இணைப்பு நிற்காது. 45 சதவீதத்துக்கு மேல் வெள்ளி உள்ள பற்றாசு 600 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடு குழாய்க்கு நல்லது, ஆனால் கந்தகமுள்ள எரிபொருளின் புகை அதை அரிக்கும். நகைப் பட்டறைத் தீயும் இந்த அளவுக்குப் போதாது. செம்பு சூட்டை இழுத்துப் பரப்பிவிடும், ஒரு இடம் காய்வதற்குள் மற்ற இடம் ஆறிவிடும். பெரிய கேஸ் டார்ச், சுற்றிலும் தீச்செங்கல் அடைப்பு இரண்டும் வேண்டும்.

தண்ணீர் படும் இடத்தில் பித்தளை புஷ் வைக்காதீர்கள். பித்தளையிலுள்ள துத்தநாகம் வெந்நீரில் மெல்லக் கரைந்து, பார்வைக்கு அப்படியே இருக்கும் புஷ் உள்ளுக்குள் நுரையாகிவிடும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஆராயும் அரிமானத்தில் இதுவும் ஒரு வகை. புஷ்ஷுக்கு கன்மெட்டல் போடுங்கள்.

சோதனை தண்ணீர் அழுத்தத்தில்தான், காற்றில் ஒருபோதும் கூடாது. அமுங்கிய காற்று வெடிக்கும், தண்ணீர் கசிவதோடு நிற்கும். பாய்லரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தின் இரு மடங்குக்கு, அதாவது 4 பாருக்கு ஏற்றி இருபது நிமிடம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது, முனைத் தட்டு உப்பி நிற்கக் கூடாது. அதன்பின் பாதுகாப்பு வால்வை 2 பாரில் திறக்கும்படி வைத்து, நீராவி வெளியே போகும் வழியை மூடிவிட்டு முழுத் தீயில் பாருங்கள். வால்வு திறந்த பிறகும் அழுத்தம் 2.2 பாரைத் தாண்டினால் அந்த வால்வின் துளை சிறிது, மாற்றியாக வேண்டும்.

பாய்லருக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. உப்பு படிந்து ஒரே வருடத்தில் வெள்ளை ஓடு கட்டும். வளவு முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு இங்கே கவலையில்லை. கூரை ஓடுகளைக் கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, துணியில் வடிகட்டி வையுங்கள்.

எஞ்சினுக்கு நீராவி சிலிண்டர் எண்ணெய், 460 அல்லது 680 என்ற பாகுத்தன்மைத் தரத்தில், லூப்ரிகேட்டர் (எண்ணெய் ஊட்டும் குப்பி) வழியாகப் போக வேண்டும். வண்டி எஞ்சின் ஆயில் தண்ணீரோடு கலந்து தயிர் போல் திரியும். தொடக்கத்தில் வடிகால்களைத் திறந்து வைத்து, கையால் ஃப்ளைவீலைச் சுற்றி, தண்ணீர் கக்குவது நின்று உலர்ந்த நீராவி வரும்வரை பொறுங்கள். ஓட்டி முடித்ததும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே காற்றை ஊதி ஈரத்தை வெளியேற்றி, நீராவிக் குழாயில் பத்துச் சொட்டு எண்ணெய் விட்டுச் சில சுற்று சுற்றிவிடுங்கள். வார்ப்பிரும்பு சிலிண்டராக இருந்தால் இதை மறுநாளைக்குத் தள்ள வேண்டாம், ஒரே இரவில் துரு பிடித்து பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும்.